ஸ்ரீரங்கத்தில் எனக்குக் காது போன விதம்

முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு வருமானம் என்ன, கடன் எவ்வளவு, அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரிந்தாயிற்றா, வீட்டில் யாருக்காவது தீராத வியாதி உண்டா, சாயங்கால வேளையில் சீட்டாடப் போகிறாரா என்றெல்லாம் தெருவில் நின்று விசாரிக்க நம் ஊரில் இரண்டே பேருக்குத்தான் உரிமை உண்டு. ஒருவர் கடன் கொடுக்கப் போகிறவர். மற்றவர் சம்பந்தம் பண்ணப் போகிறவர். இருவரும் கேட்பது ஒரே கேள்விகள். இருவரும் கேட்பது அக்கம்பக்கத்தில். வித்தியாசம் பயத்தில்தான். கடன் கொடுத்தவருக்கு, கொடுத்தது திரும்பி வராமல் போய்விடுமோ என்று பயம். பெண்ணைக் கொடுத்தவருக்கு, திரும்பி வந்துவிடுமோ என்று பயம்.

இந்த உண்மையை எந்த வங்கிப் பரீட்சையிலும் பாடமாக வைக்கவில்லை. குமாஸ்தாவாகச் சேர்ந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். வங்கி நடைமுறையில் எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்று சொல்லிக்கொள்வதும் உண்டு (மனைவி பக்கத்தில் இல்லாதபோது). ஆனால் இந்த ஒரு விஷயத்தை நான் தெரிந்துகொண்டது ஸ்ரீரங்கத்தில், வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. திருச்சி பெரிய கடை வீதியில், ஒரு வெல்ல மண்டியின் மாடியில் எங்கள் வங்கி இருந்தது. (வங்கிக்குள் ஈ மொய்க்கும். வாடிக்கையாளர்களைவிட ஈக்கள் அதிகம் என்று மானேஜரே சொல்வார்.) நான் பி.ஏ. பாஸ் செய்துவிட்டு, அம்மாவோடு ஆண்டார் தெருவில் ஒண்டுக்குடித்தனம் இருந்தேன். சேர்ந்த புதிதில் என்னைப் பணம் எண்ணி வாங்கும் கஜான்சியின் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரே ஒரு வேலை கொடுத்தார்கள். வருகிற ஒவ்வொரு வெள்ளி ரூபாயையும் சலவைக்கல்லில் சுண்டிப் போட்டு, நாதம் கேட்க வேண்டும். நல்ல ரூபாய் கோயில் மணி மாதிரி இழுத்துப் பேசும். கள்ள ரூபாய் தகரக் குவளை மாதிரி 'டொக்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். ஆறு மாதத்தில் என் காது எவ்வளவு பழகிப்போயிற்று என்றால், தெருவில் யார் கையிலிருந்து காசு நழுவினாலும் என் கழுத்து தானாகத் திரும்பிவிடும். அம்மா என்னை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றுகூடச் சொன்னாள்.

அடுத்த பதவி உயர்வு, ரகசிய விசாரணை. கடன் கேட்கிறவர் தன் சொத்து சுகங்களைத் தானே எழுதிக் கொடுப்பார். வங்கி அதை நம்பாது. ஒரு குமாஸ்தாவை அனுப்பி, அந்த மனிதரின் தெருவில் அவருடைய யோக்கியதையை விசாரிக்கச் சொல்லும். இதற்கு விதிகள் உண்டு. வங்கியின் பெயரைச் சொல்லக் கூடாது. கடன் என்ற பேச்சை எடுக்கக் கூடாது. யாரைப் பற்றி விசாரிக்கிறோமோ அவருக்கே தெரியக் கூடாது. வேலையில் சேரும்போது, வங்கியின் விவகாரங்களை உயிர் போனாலும் வெளியிடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். உயிர் போனாலும் என்றுதான் அதில் இருந்தது. காது போனாலும் என்று யாரும் எழுதவில்லை.

மானேஜர் கோபால் ராவ் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஓய் வாசுதேவன், ஸ்ரீரங்கத்துல சடகோப ஐயங்கார்னு ஒருத்தர். பஸ் வாங்கி விடணுமாம். கடன் கேக்கறார். நீர்தான் போயிட்டு வரணும்."

"போயிட்டு வரேன் சார்."

"கோட்டும் தலைப்பாகையுமா போய் நின்னு காரியத்தைக் கெடுத்துடாதேயும். பஞ்சகச்சம் கட்டிண்டு, பளிச்சுனு நாமம் போட்டுண்டு போம். அந்த ஊர்ல அதுதான் மாறுவேஷம். ஒருத்தனும் சந்தேகப்படமாட்டான்."

அவர் சொன்னது முழுக்க உண்மை. நான் வங்கிக்காரன் என்று ஒருவரும் சந்தேகப்படவில்லை.

குதிரை வண்டியில் காவேரிப் பாலம் தாண்டி, அம்மா மண்டபத்தில் கால் கழுவிக்கொண்டு, உத்தர வீதிக்குப் போய்ச் சேர்ந்தேன். வடகலை, தென்கலை இரண்டில் என் நாமம் எந்தக் கலையோ அதே கலைதான் அந்த வரிசை வீடுகளும். அது என் போதாத காலம். இருபத்துமூன்று வயது, புது வேஷ்டி, நெற்றியில் இன்னும் ஈரம் காயாத திருமண். என்னை அப்போது ஒரு கண்ணாடியில் நானே பார்த்திருந்தால் 'மாப்பிள்ளை வந்தாச்சு' என்று உள்ளே குரல் கொடுத்திருப்பேன்.

விதிப்படி முதலில் வெற்றிலைக் கடை. ஒருவருடைய நாணயம் வெற்றிலைக் கடைக்காரனுக்குத் தெரிந்த அளவு பெருமாளுக்கும் தெரியாது என்பது கோபால் ராவின் சித்தாந்தம். முனைக்கடை முத்தையாவிடம் ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டு, ஏதோ நினைத்துக்கொண்டவன் போல ஆரம்பித்தேன்.

"இங்க சடகோப ஐயங்கார்னு ஒருத்தர் இருக்காரே, ஆள் எப்படி?"

முத்தையா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தான். நாமத்தில் கொஞ்ச நேரம் நின்றான்.

"தங்கமான மனுசருங்க சாமி."

"கையிருப்பு எப்படி? கடைத்தெருவுல பாக்கி கீக்கி வச்சிருக்காரா?"

"பாக்கியா? அவரா? என்னங்க சாமி இப்படிக் கேட்டுட்டீங்க. ராத்திரி ஒத்தை வெத்தலை வாங்கினாலும் காசை வச்சிட்டுத்தான் கையை நீட்டுவாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எல்லாம் நல்லபடியா முடியும் போங்க. இந்த வெத்தலைக்குக் காசு வேணாம்," என்றான்.

ஸ்ரீரங்கத்து வியாபாரிகளின் பெருந்தன்மையை மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். (சடகோப ஐயங்கார் அவனுக்கு ஏழு மாத வெற்றிலை பாக்கி என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.)

அடுத்தது எதிர்வீடு. அங்கே அலமேலு மாமி வாசல் நிலையிலேயே நின்றிருந்தாள். தெருவில் யார் எந்த வீட்டுக்குள் போகிறார், எந்த முகத்தோடு வெளியே வருகிறார் என்பதைக் கண்காணிக்கும் பொறுப்பு அவளுடையது. குடிக்கத் தீர்த்தம் கேட்டேன். கொண்டு வந்தாள். விசாரிக்க ஆரம்பித்தேன்.

"எதிராத்து மாமாவுக்கு பூஸ்திதி உண்டோ மாமி?"

"உண்டோவா? லால்குடி பக்கத்துல பதினஞ்சு ஏக்கர். அத்தனையும் காவேரிப் பாசனம்."

"பாகம் பிரிஞ்சாச்சா?"

"அதெல்லாம் எப்பவோ ஆச்சு. தம்பி தங்கமானவன், குறுக்க வரமாட்டான்."

"நிலத்து மேல வில்லங்கம் ஏதாவது?"

"ஒரு வில்லங்கமும் கிடையாது. அந்தக் குடும்பத்துல யாரும் உரக்கப் பேசிக்கூட நான் கேட்டதில்லை." மாமி என்னை நெருங்கி வந்தாள். "நீங்க மட்டும்தான் வந்திருக்கேளா? அம்மா வரலையா?"

"இந்த மாதிரி விசாரணைக்கெல்லாம் அம்மாவை அழைச்சுண்டு வர வழக்கமில்லை மாமி."

"அப்படியா? காலம்தான் எப்படி மாறிப்போச்சு. பிள்ளையே நேர்ல வந்து, பத்திரம் வரைக்கும் கேக்கறானே. பேஷ். கெட்டிக்காரன்."

ஒரு பி.ஏ. பட்டதாரிக்கு இந்த இடத்திலாவது பொறி தட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லை. என் விசாரணைத் திறமையைத்தான் மாமி பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உற்சாகத்தில் மேலும் நான்கு வீடுகள் ஏறி இறங்கினேன். கேட்ட இடமெல்லாம் ஐயங்காரின் புகழ். ஒருவர் அவருக்குத் தென்னந்தோப்பு கொடுத்தார். இன்னொருவர் தோப்புக்கு நடுவில் ஒரு கிணறு வெட்டிக் கொடுத்தார். வம்சத்தில் யாருக்கும் தலைவலிகூட வந்ததில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். உத்தர வீதி அந்த ஆயிரத்தையும் வீட்டுக்கு இத்தனை என்று பங்கு போட்டுக்கொண்டு, எனக்குத் தவறாமல் சொல்லி முடித்தது.

தெருக்கோடியில் திரும்பினேன். சடகோப ஐயங்காரே எதிரில் கைகூப்பி நின்றார்.

"தேவரீர் தெருவெல்லாம் விசாரிச்சுட்டு அடியேன் கிரஹத்துக்கு எழுந்தருளாம போனா எப்படி? உள்ள வரணும்."

விஷயம் தெரிந்துவிட்டது, விதி உடைந்தது, வேலை போயிற்று. மறுத்தால் சந்தேகம் உறுதியாகிவிடும் என்று நினைத்து உள்ளே போனேன். கூடத்தில் புதுப் பாய். எதிரே வெள்ளித்தட்டில் சொஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி. கடன் கேட்கிறவர்கள் விசாரணைக் குமாஸ்தாவை இப்படித்தான் மயக்கப் பார்ப்பார்கள் என்று கோபால் ராவ் எச்சரித்திருந்தார். ஒரு பஜ்ஜி மட்டும், மரியாதைக்கு, என்று கையில் எடுத்தேன். அப்போதுதான் உள்ளேயிருந்து பட்டுப்புடவை சரசரக்க ஒரு பெண் வந்து, சேவித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இவதான் கோமளம்," என்றார் ஐயங்கார்.

பாதி கடித்த பஜ்ஜி கையிலேயே நின்றுவிட்டது. வெற்றிலைக் கடையிலிருந்து இதுவரை கேட்ட வார்த்தைகளெல்லாம் ஒவ்வொன்றாக எனக்குள் அர்த்தம் மாறின.

"பிள்ளைக்கு எந்த ஆபீஸ்ல உத்தியோகம்?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் தாயார் கேட்டாள்.

வங்கி என்று சொன்னால், எதற்கு வந்தேன் என்பது வெளிப்பட்டுவிடும். வேறு ஏதாவது சொன்னால், பெண்ணைப் பெற்றவர்களிடம் பொய் சொன்ன பாவம். ஆமாம் என்றால் கல்யாணம். இல்லை என்றால் அவமானம், எனக்கல்ல, அந்தப் பெண்ணுக்கு. என் படிப்பு, பயிற்சி, சமயோசிதம் எல்லாவற்றையும் திரட்டி, நான் ஒரு முடிவுக்கு வந்தேன். காதில் விழாதது போல் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த ஆபீஸ்னு கேக்கறா," என்றார் ஐயங்கார்.

பஜ்ஜியைத் திருப்பி, மறுபக்கத்தையும் பார்த்தேன்.

ஐயங்கார் எழுந்து என் இடது பக்கம் வந்து, காதுக்கருகில் குனிந்து, "தங்களுக்கு என்ன கோத்திரம்?" என்று கூவினார். கூடத்தில் இருந்த கடிகாரம் அதிர்ந்தது. நான் அவரைப் பார்த்து இனிமையாகச் சிரித்தேன்.

"கோமளத்தை ஒரு பாட்டுப் பாடச் சொல்லட்டுமா?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள். "யாருக்காகப் பாடறது?" என்றாள் தாயார்.

கோமளம் காப்பி கொண்டு வந்தாள். டபராவை வைக்கும்போது, தலையை நிமிர்த்தாமல், தனக்குத்தானே சொல்வது போல், "சக்கரை போறுமா?" என்றாள். நான் யோசிக்காமல் தலையை ஆட்டினேன். அவள் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். நானும் காப்பியைக் கொதிக்கக் கொதிக்க விழுங்கிவிட்டு, எல்லோரையும் சேவித்துவிட்டு, அகப்பட்ட முதல் வண்டியில் ஏறிவிட்டேன்.

மறுநாள் என் அறிக்கையைப் படித்த கோபால் ராவ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓய், இது கடன் விசாரணையா, கல்யாணப் பத்திரிகையா? நிலம் பதினஞ்சு ஏக்கர்னு எழுதியிருக்கீர். அந்த மனுஷர் தன் கைப்பட எழுதிக் குடுத்ததே ஆறு ஏக்கர்தான். கடன் கேக்கறவன் கூட்டிச் சொல்வான், நான் பார்த்திருக்கேன். தெருவே கூடிக் கூட்டிச் சொல்லி நான் பார்த்ததில்லை. என்ன கேட்டீர், எப்படிக் கேட்டீர்னு சொல்லும்."

சொன்னேன். மூன்று பெண்களுக்குக் கல்யாணம் செய்து முடித்தவர் அவர். நான் பாதி சொல்லும்போதே மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பஜ்ஜி வரைக்கும் வந்தபோது, கை நீட்டி, போதும் என்று ஜாடை காட்டினார்.

அவர் சிரிப்பு அந்த வாரம் முடிவதற்குள் அடங்கிவிட்டது. பத்திரங்களைக் காட்டச் சொல்லி அவர் அழைத்திருந்த சடகோப ஐயங்கார் மாடிப்படி ஏறி வந்தார். முதல் மேஜையில் நான்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அங்கிருந்த பெஞ்சியில் மெதுவாக உட்கார்ந்து, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீர் பேங்க்காரரா?"

காது கேட்காதது போல் இருக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கோபால் ராவ் அவரைத் தன் அறைக்கு அழைத்துப்போனார். என்னையும் கூப்பிட்டார். கதவைச் சாத்தியதும் ஐயங்கார் விஷயத்தைச் சொன்னார்.

கோமளத்துக்குக் கும்பகோணத்தில் ஒரு வக்கீலுடைய பிள்ளையின் ஜாதகம் பொருந்தியிருந்தது. வக்கீல் வீட்டார் பதில் சொல்லாமலே மாதக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இத்தனை நாள் வாயைத் திறக்காதவா, வேற ஒரு பிள்ளை வந்து விசாரிச்சான்னு கேள்விப்பட்டதும், வெள்ளிக்கிழமை வரோம்னு சொல்லி அனுப்பிட்டா. வந்ததும் முதல்ல என்ன கேப்பா? அந்தப் பிள்ளை வந்து பார்த்துட்டு ஏன் பேசாம போயிட்டான், பொண்ணுகிட்ட என்ன குறைன்னு கேப்பா. நான் என்ன சொல்லட்டும்?"

"வங்கியிலேர்ந்து வந்த ஆள்னு சொல்லிடுங்கோ," என்றேன் நான், வேலை போனாலும் போகட்டும் என்று.

"சொன்னா? கல்யாணத்துக்கு முன்னாடி கடன் வாங்க அலையறவன்னு ஆயிடும். அந்த வக்கீல் வந்த வண்டியிலேயே திரும்பிடுவார்." அவர் குரல் இறங்கியது. "எங்காத்துப் பொண்ணுக்கு இதுவரைக்கும் காட்டின போட்டோவெல்லாம் பிடிக்கலை. இந்தக் கும்பகோணத்துப் பிள்ளையோடதைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. எங்காத்துல அது பெரிய சம்மதம்."

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு மனிதரைப் பற்றித் தெருவில் நாம் கேட்ட கேள்விகள், நாம் திரும்பி வந்த பிறகும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் என்பதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். வங்கி விதிகளில் கேள்வி கேட்பது எப்படி என்று இருக்கிறது. கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்குவது எப்படி என்று எங்கேயும் இல்லை.

கோபால் ராவ் மெல்லத் தொண்டையைச் செருமினார். "இவர் உங்க பொண்ணை வேண்டாம்னு சொல்லலையே. நீங்கதான் இவரை வேண்டாம்னுட்டேள். அப்படித்தானே?"

ஐயங்கார் முகம் நிமிர்ந்தது.

"எதுக்காக என்னை வேண்டாம்னார்?" என்று கேட்டேன், சற்று ரோஷத்தோடு.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காது," என்றார் ஐயங்கார். "அதான் தெருவுக்கே தெரியுமே."

"எனக்குக் காது நன்னா கேக்கும் சார்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் கேக்க வேண்டாம்," என்றார் கோபால் ராவ். "பார்ட்டியோட ரகசியத்தைக் காப்பாத்தறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீரா இல்லையா?"

வதந்தி மட்டும் போதாது, வக்கீல்கள் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார்கள் என்று முடிவாயிற்று. ஆகவே வெள்ளிக்கிழமை, கும்பகோணத்தார் கூடத்தில் இருக்கும்போது, நான் மறுபடியும் நாமம் போட்டுக்கொண்டு போய், பெண் கேட்டுக் கெஞ்சி, எல்லோர் முன்னிலையிலும் மறுக்கப்பட வேண்டும். மனு, மறுபரிசீலனை, நிராகரிப்பு. நடைமுறையெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

போனேன். அலமேலு மாமி தன் வாசலிலிருந்தே, "பாவம், மறுபடி வந்திருக்கான், அவனுக்கு இன்னும் யாரும் சொல்லலை போலருக்கு," என்று அனுதாபப்பட்டாள். அது தெருக்கோடி வரை கேட்டது. எனக்கு மட்டும் கேட்கவில்லை.

கூடத்தில் கும்பகோணத்து வக்கீல், குடுமியும் கடுக்கனுமாக, சாட்சிக் கூண்டில் இருப்பவனைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஐயங்காரிடம் கைகூப்பி, கோபால் ராவ் எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொன்னேன்.

ஐயங்கார் என் காதருகில் வந்தார். "உமக்குப் பொண்ணு குடுக்கறதுக்கில்லை. தெரிஞ்சுதா? குடுக்கறதுக்கில்லை." எங்கள் வங்கி ஆறு நாளாக அவருக்குக் கடன் கொடுக்காமல் இழுத்தடித்த ஆத்திரம் முழுவதும் அதில் இருந்தது என்று நினைக்கிறேன்.

"எந்த நாள் குறிச்சிருக்கேள்?" என்று கேட்டேன். (இது என் சொந்தச் சரக்கு. நன்றாக எடுபட்டது.)

அப்போதுதான் எனக்குப் பின்னால், கல் பாவிய தரையில், ஒரு வெள்ளி ரூபாய் விழுந்தது.

வக்கீல் வேண்டுமென்றே போட்டிருந்தார். செவிடனையும் செவிடன் மாதிரி நடிக்கிறவனையும் பிரிக்க அவர்கள் தொழிலில் அது ஒரு பழைய முறையாம். ஊரில் வேறு யாராக இருந்தாலும் இந்தப் பரீட்சையில் தேறியிருப்பார்கள். ஆனால் நான் ஆறு மாதம் சலவைக்கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து, காசு விழும் சத்தத்துக்குத் திரும்புவதற்கென்றே சம்பளம் வாங்கியவன். என் கழுத்து கிளம்பிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடித்து நிறுத்தினேன். திரும்பினால் ஒரு பெண்ணின் கல்யாணம் போயிற்று. ஐயங்காரின் முகத்தில் ரத்தமே இல்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த ரூபாய் விழுந்த சத்தம், 'டொக்'.

கள்ள ரூபாய். சந்தேகமே இல்லை. ஈயம் கலந்த பச்சைக் கள்ள ரூபாய். கும்பகோணத்து வக்கீல், ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிறவர், மடியில் கள்ள ரூபாய் வைத்துக்கொண்டு என் காதைப் பரிசோதிக்கிறார். அதை ஸ்ரீரங்கத்திலேயே கண்டுபிடிக்கக் கூடிய ஒரே ஆள் நான். நான்தான் செவிடன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய உண்மையை நான் அதற்கு முன்னும் பின்னும் விழுங்கியதில்லை.

"மாமா, உங்க ரூபா விழுந்துடுத்து," என்று கோமளம் வந்து குனிந்து எடுத்து, வக்கீலிடம் கொடுத்தாள். அந்த அடக்கம் அவருக்குப் பிடித்துவிட்டது. என் கழுத்து திரும்பாததும் பிடித்துவிட்டது என்று அவர் குரலிலிருந்து தெரிந்தது. "பாவம், சின்ன வயசு," என்று சொல்லிவிட்டு, ஜாதகத்தைக் கையில் எடுத்தார்.

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பியதும், கோமளம் எனக்கு ஒரு தம்ளர் மோர் கொண்டு வந்து நீட்டினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. உதடுகூட அசைந்ததாகத் தெரியவில்லை.

"உப்பு போறுமா?" என்றாள்.

மோர் மூக்கில் ஏறியது. இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தேன். துக்கம் தாங்காமல் ஓடுகிறான் என்று அலமேலு மாமி தெருவுக்கு அறிவித்தாள்.

கல்யாணம் நடந்தது. கோபால் ராவ் தானே ஒருநாள் லால்குடிக்குப் போய், ஆறு ஏக்கரையும் வரப்பில் நடந்து பார்த்துவிட்டு வந்து, கடனும் கொடுத்தார். பஸ்ஸும் ஓடியது. சடகோப ஐயங்கார் என்னைக் கடைசிவரை டிக்கெட் வாங்க விட்டதில்லை. (கண்டக்டர் மட்டும் என் காதில் வந்து "மலைக்கோட்டை வாசல்" என்று கத்தி இறக்கிவிடுவார்.) முதல் தவணைப் பணத்தை ஐயங்கார் எண்ணி வைத்தபோது, கஜான்சி ஒரு ரூபாயைச் சுண்டிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் எழுந்து போகவேயில்லை. என் இடத்திலிருந்தே அந்த நாதம் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வக்கீல் அதை நிச்சயதார்த்தத் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறார், புண்ணியவான்.

நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது ஒன்றுதான். தெருவில் சுற்றுகிற தகவலுக்கு ஆறு ஒரு தடையே இல்லை. அம்மா எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோது, திருச்சியிலிருந்து திருவானைக்காவல் வரை எல்லோருக்கும் என் காது தெரிந்திருந்தது. ஜாதகம் வாங்கிப் போகிறவர்கள் தெருவில் இரண்டு பேரைக் கேட்பார்கள். ஜாதகம் திரும்பி வரும். ஒரு வீட்டில் எனக்கு இடது காது மட்டும்தான் கேட்காது என்று சலுகை காட்டினார்கள். இன்னொரு வீட்டில் வலதையும் சேர்த்துக்கொண்டார்கள். உண்மையை அம்மாவிடம்கூடச் சொல்ல முடியவில்லை. பார்ட்டியின் கடன் இன்னும் தீரவில்லையே.

கடைசியில், திருவானைக்காவல் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், குறையோடு இருந்தாலும் சர்க்கார் மாதிரி சம்பளம் என்று துணிந்து பெண்ணைக் கொடுத்தார். பெண் பார்க்கப் போனபோது குடும்பம் முழுவதும் முறை வைத்துக்கொண்டு என்னிடம் கத்தியது. பங்கஜமும் கல்யாணமாகிச் சில வாரங்கள் வரை சமையலறையிலிருந்து, ஆற்றில் அக்கரையில் இருப்பவனைக் கூப்பிடுவது போல்தான் என்னைக் கூப்பிட்டாள். ஒருநாள் தன் தங்கையிடம், என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இவர் குறட்டை விடறது இவருக்கே கேக்காது, அதுதான் ஒரு சௌகரியம்," என்று சாதாரணக் குரலில் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னை நம்பவில்லை.

எங்கள் வீட்டில் இதற்கு 'பேங்க் காது' என்று பெயர். ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் பேரன் பேசாமல் இருப்பான். "பாரு, தாத்தாவோட பேங்க் காது வந்துடுத்து," என்பார்கள். மருமகள் மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது என் மகனுக்கும் அது வரும்.

இப்போது வங்கிகள் தெருவில் ஆள் அனுப்பி விசாரிப்பதில்லை. கடன் கேட்பவரே எல்லாவற்றையும் நான்கு பிரதிகளில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். அலமேலு மாமி மாதிரி ஒருவர் எல்லா ஆபீசிலும் இருப்பதால், தகவல் பரவுவதில் குறையொன்றும் இல்லை.

போன மாதம் என் இடது காதில் நிஜமாகவே சத்தம் குறைந்துபோய், டாக்டரிடம் காட்டினேன். கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, வயசுதான் காரணம், இந்தக் காது இனி அவ்வளவுதான் என்றார். வீட்டுக்கு வந்து பங்கஜத்திடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவேயில்லை.

"ஸ்ரீரங்கத்துல விசாரிச்சப்பவே எங்கப்பாகிட்ட சொன்னா," என்றாள். "நீங்கதான் மறைச்சுட்டேள்."